யாழ்ப்பாணத்துச் சாயவேர்

யாழ்ப்பாணக் குடாநாடு பண்டைக் காலத்தில் கடல் கடந்து அனுப்பிய பொருள்கள் எவை என்று வினவினால், பனையும் புகையிலையும் சங்கும் யானையுமே உடனே நினைவுக்கு வரும். வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகள் ஊர்காவற்றுறையிலே கப்பலேறிய கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், அதே கரையிலிருந்து கட்டுக்கட்டாக ஏற்றப்பட்ட இன்னொரு பொருளை இன்று பெரும்பாலோர் மறந்துவிட்டனர். அது ஒரு சிறு பூண்டின் வேர். மணலிலே தானாக முளைத்து, மனிதர் காலடியிலே மிதிபட்டுக் கிடக்கும் அப்பூண்டின் வேரை வைத்து மூன்று அந்நிய அரசுகள் பொருள் ஈட்டின. அதனை அகழ்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயத்திலே ஒரு கூட்டத்தாரின் தலைமுறைகள் கழிந்தன. சாயவேர் என்பது அதன் பெயர்.

சாயவேர்ச் செடியை நேரிற் கண்டவர்கள், இதற்கா இத்தனை பெருமை என்று வியப்பர். அது நிலத்தோடு ஒட்டிக் கிளைத்துப் படரும் சிறு பூண்டு. இலைகள் ஊசிபோல் ஒடுங்கியவை. கணுவுக்குக் கணு எதிரெதிராக அமைந்தவை. சில கணுக்களிலே பல இலைகள் ஒருங்கே சூழ்ந்து நிற்பனபோலத் தோன்றும். இலைக்கணுக்களிலிருந்து எழும் மெல்லிய காம்பின் நுனியில், குடைக்கம்பிகள் ஒரே இடத்திலிருந்து விரிவதுபோலச் சிறு வெண்பூக்கள் கொத்தாக மலரும். ஒவ்வொரு பூவுக்கும் இதழ் நான்கு. மகரந்தக் கேசரமும் நான்கு. பூ உதிர்ந்தபின் மிளகினும் சிறிய காய் தோன்றும். அதனுள்ளே தூள்போன்ற விதைகள் பல இருக்கும். பூவிலோ இலையிலோ சிவப்பின் சாயல் சிறிதும் இல்லை. மணலைக் கிளறி வேரைப் பார்த்தால்தான் செடியின் இரகசியம் வெளிப்படும். பக்க வேர்கள் அதிகமின்றி நேராகக் கீழிறங்கும் அவ்வேர் மெலிந்தது. செடியின் உயரத்தைக் காட்டிலும் நீண்டது. பசுமையாக இருக்கும்போது அதன் தோல் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். உள்ளேயுள்ள நார்த்தண்டு வெண்ணிறமானது. அதிலே சாயம் இல்லை. செடியின் மதிப்பு முழுவதும் அந்த மெல்லிய தோலிலேயே அடங்கியிருந்தது.

தாவர நூலார் இதனை ஓல்டென்லாண்டியா அம்பெல்லேட்டா என அழைப்பர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இப்பெயர் காணப்படுகிறது. பெயரின் முதற்பகுதி, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே செடிகளை ஆராய்ந்த ஓல்டென்லாண்டு என்பவரை நினைவூட்டுவது; பிற்பகுதி குடைபோன்ற பூங்கொத்தைக் குறிப்பது. இச்செடி சேர்ந்துள்ள குடும்பத்தின் பெயரோ, செம்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஐரோப்பியர் துணிக்குச் சிவப்பேற்றப் பயன்படுத்திய மடர் என்னும் செடியும், நம் மருத்துவர் அறிந்த மஞ்சிட்டியும், வேலிகளில் நிற்கும் நுணாவும், கோவிற் பூந்தோட்டத்து வெட்சியும், மலைநாட்டுக் கோப்பியும் அக்குடும்பத்தினவே. மடர், மஞ்சிட்டி, நுணா ஆகியவற்றின் வேர்களும் துணிக்குச் சாயம் தந்தவை என்பது இங்குக் கருதத்தக்கது. நாட்டு வைத்தியத்திலே சாயவேர்ச் செடிக்கு இம்பூறல் என்ற பெயரும் உண்டு. இருமலோடு இரத்தம் கக்கும் நோய்க்கு இதனை மருந்தாக வழங்கினர். இம்பூறலைக் கண்டறியாதவனே இரத்தம் கக்கி மாள்வான் என்னும் கருத்துடைய பழமொழியும் தமிழில் வழங்கிவருகிறது.

இச்செடி விரும்புவது வளமான வயலை அன்று. கடற்கரையை அடுத்த இளகிய மணல் நிலத்தையே. ஆதலால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிலும், தீவுப் பகுதிகளிலும், மன்னாரிலும், வன்னிக் கரையிலும் அது தானாகவே பெருகியது. எதிர்க்கரையாகிய சோழமண்டலத்திலே உழவர் இதனைப் பயிராகவும் வளர்த்தனர். ஆயினும் பயிரிட்ட செடியின் வேரைக் காட்டிலும் காட்டுச் செடியின் வேரே சிறந்தது என்பது சாயத் தொழிலாளர் அனுபவத்திற் கண்ட முடிவு. காட்டு வேர் குறுகியது. ஆனால் அதிற் சாயம் செறிந்திருந்தது. ஐரோப்பாவின் வறண்ட சரிவுகளில் தரையோடு படரும் காட்டுத் தைம் என்னும் மணப்பூண்டைப் பற்றியும் இவ்வாறே கூறுவர். தோட்டத்து வளமண்ணிற் கொழுத்து வளர்ந்த தைமைவிட, கல்லிலும் வெயிலிலும் குன்றி வளர்ந்த தைமின் இலையிலேதான் வாசனை மிகுதி என்பது அந்நாட்டார் கருத்து. யாழ்ப்பாண மணலின் வறுமையே யாழ்ப்பாணச் சாயவேரின் செல்வமாயிற்று.

இந்த வேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பேற்றியது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி, அயல்நாட்டார் இதனை நாடி வந்த காரணம் விளங்காது. பருத்தித் துணி பட்டையும் கம்பளியையும்போல எளிதிற் சாயத்தைப் பற்றுவதில்லை. வேரை இடித்து நீரிலிட்டுக் காய்ச்சி, அதில் வெறுந்துணியை நனைத்தால், முதற் சலவையிலேயே நிறம் போய்விடும். ஆகவே துணியை முதலிலே நன்றாக வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர்ச் சிவப்பு வேண்டிய இடங்களிலே படிகார நீரைத் தடவுவர். கறுப்பு வேண்டிய இடங்களுக்கு, இரும்புத் துண்டுகளைப் புளித்த வெல்ல நீரில் ஊறவைத்து எடுத்த கரைசல் உதவும். அதன்பின் துணி முழுவதையும் சாயவேர்க் கொதிநீரில் இடுவர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். இரும்பு நீர் பட்ட இடம் கறுக்கும். ஒன்றும் படாத இடத்தில் ஏறிய மங்கல் நிறம், சாணமும் வெயிலும் கொண்டு வெளுக்கும்போது அகன்றுவிடும். ஒரே கொப்பரையில் இட்ட ஒரே துணி பல நிறத்தோடு வெளிவரும் இந்த வித்தை, அக்கால ஐரோப்பியருக்கு மந்திரம்போலத் தோன்றியதில் வியப்பில்லை.

இவ்விரகசியத்தை அறியப் பலர் முயன்றனர். சோழமண்டலக் கரையில் வாழ்ந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742ஆம் ஆண்டிலே தம் நாட்டுக்கு எழுதிய கடிதமொன்றில், துணிக்கு வண்ணந்தீட்டும் முறையைப் படிப்படியாக விவரித்தார். சாயவேர் என்னும் தமிழ்ச் சொல்லைத் தம் மொழியின் எழுத்தில் அப்படியே எழுதினார். ஏனெனில் அதற்கு ஈடான சொல் அவர் மொழியில் இருக்கவில்லை. ஆங்கிலக் கொம்பனியின் தாவர அறிஞரான உரொக்சுபரோ, சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 1795 முதலாக வெளியிட்ட பெருநூலின் தொடக்கப் பகுதியிலேயே இச்செடியின் வண்ணப்படத்தையும் சாயமேற்றும் முறையையும் சேர்த்தார்.

இனி யாழ்ப்பாணத்து வரலாற்றுக்கு வருவோம். 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர்களுடைய கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வணிகக் கொம்பனியின் ஆட்சியே ஒல்லாந்தர் ஆட்சி; ஆகையால், எந்தப் பொருளிலிருந்து எவ்வளவு ஊதியம் கிட்டும் என்ற கணக்கே அவர்களுடைய நிருவாகத்தின் உயிர்நாடி. கறுவாவையும் யானையையும் முத்தையும் தமக்கே உரியனவாக்கிக்கொண்ட கொம்பனியார் சாயவேரையும் விட்டுவைக்கவில்லை. வேரைத் தோண்டும் உரிமையும் விற்கும் உரிமையும் கொம்பனியைச் சார்ந்தவை. யாழ்ப்பாணத்தில் அதிகாரம் செலுத்திய எண்டிரிக்கு சுவார்டகுரூன் தமக்குப் பின்வருவோர்க்காக 1697ஆம் ஆண்டிலே எழுதிவைத்த நீண்ட அறிக்கையில், யானை, பனைமரம், ஊழியம் முதலிய விடயங்களோடு சாயவேரும் இடம்பெறுகின்றது. ஓர் ஆட்சியாளர் தம் வாரிசுக்கு மறவாமற் சொல்லவேண்டிய செய்திகளுள் ஒன்றாக அக்காலத்திலே அது மதிக்கப்பட்டது.

இம்மதிப்புக்குக் காரணம் இலங்கைக்கு வெளியே இருந்தது. ஒல்லாந்தர் கீழைக் கடலுக்கு வந்ததன் நோக்கம் கிராம்பும் சாதிக்காயும் மிளகுமே. அவை விளையும் தீவுகளின் மக்கள் வெள்ளியைக் காட்டிலும் தமிழகத்துத் துணியையே பண்டமாற்றாக விரும்பினர். அத்துணிக்கு மதிப்பளித்தது அழியாத அதன் சிவப்பு. நாகபட்டினமும் தூத்துக்குடியும் அதே 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைக்கு வந்தன. நாகபட்டினம் 1690இல் அவர்களுடைய சோழமண்டல ஆட்சிக்குத் தலைமை நிலையமும் ஆயிற்று. யாழ்ப்பாணத்து மணலிலிருந்து எடுத்த வேர் பாக்குநீரிணையைக் கடந்து சாயக் கொப்பரைக்குச் சென்றது. சாயமேறிய துணி கிழக்குத் தீவுகளுக்குச் சென்றது. அங்கிருந்து நறுமணப் பொருள் ஐரோப்பாவுக்குச் சென்றது. உலக வாணிகத்தின் அந்த நீண்ட சங்கிலியில் முதற் கண்ணி, குனிந்து மணலைக் கிளறிய ஒரு மனிதனின் கை.

அந்த மனிதன் யார்? பழைய ஏடுகள் வேர் அகழ்வோரை வேரர் என்றும், வேர்குத்திகள் என்றும் குறிக்கின்றன. அவர்கள் சமுதாயத்தின் அடிப்படியில் வைக்கப்பட்டவர்கள். சொந்த நிலம் அற்றவர்கள். பிறப்பே அவர்களுடைய தொழிலை வரையறுத்தது. யாழ்ப்பாணத்திலே அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். ஒல்லாந்தரும் அச்சொல்லையே தம் கணக்கேடுகளில் எடுத்தாண்டனர். ஒருவர் யானைப் பந்தியிலும், ஒருவர் கோட்டை மதிலிலும், ஒருவர் பல்லக்கின் கீழும் உழைக்கவேண்டியிருந்தது. வேர் அகழ்வோர் மணலிலே உழைத்தனர். எடுத்த வேரைக் கொம்பனிக்கோ குத்தகைக்காரனுக்கோ அன்றி வேறெவர்க்கும் அவர்கள் விற்கலாகாது. விலையை வைப்பவன் வாங்குபவனே.

அவ்வேலை எளிதானதன்று. ஒரு செடியிலிருந்து கிடைப்பது நூலிழை போன்ற ஒரு வேர். ஒரு கட்டு வேர் சேர எத்தனை செடிகளைத் தேடித் தோண்டவேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஈர மணலில் வேர் முழுமையாக வரும்; இறுகிய நிலத்தில் பாதியில் முறியும். முறிந்தால் நீளம் குறையும். மெலிந்த வேராயின் வாங்குவோன் தள்ளிவிடுவான். அன்றியும் வேரை எடுப்பதென்றால் செடியைக் கொல்வதே. இலை பறித்தால் மீண்டும் துளிர்க்கும். பூக் கொய்தால் மீண்டும் மலரும். வேரைப் பறித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே ஓரிடத்திலே தோண்டியபின், விதை விழுந்து முளைத்து வேர் முற்றும்வரை அந்நிலத்தை விட்டு வேறிடம் செல்லவேண்டும். எந்த மணல்மேடு எந்தப் பருவத்திற் பயன்தரும், எந்தச் செடியின் வேர் முற்றியது, எது இளையது என்ற அறிவெல்லாம் அவர்களிடமே இருந்தது. எழுத்தறியாத அம்மக்கள் தாவரவியலின் ஒரு பகுதியைத் தம் கைகளிலே வைத்திருந்தனர். நூலெழுதிய அறிஞர் செடிக்குப் பெயரிட்டனர்; அறிக்கை எழுதிய அதிகாரிகள் வேரை நிறுத்துக் கணக்கிட்டனர்; தோண்டியவர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

1795ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி மாறியது, முறை மாறவில்லை. வேர் எடுக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. இலங்கையின் சுங்கத் துறையிலே உயர்பதவி வகித்த பேர்டலாச்சி, 1817ஆம் ஆண்டிலே வெளியிட்ட இலங்கைப் பொருளாதார நூலில் சாயவேர் வருவாயையும் ஆராய்ந்தார். 1829ஆம் ஆண்டிலே விசாரணைக் குழுவின் தலைவராக வந்த கோல்புறூக்கு, கட்டாய ஊழியமும் அரசின் தனியுரிமை வாணிகமும் நாட்டின் வளர்ச்சிக்குத் தடை என்று கண்டார். 1832ஆம் ஆண்டிலே இராசகாரியம் என்னும் கட்டாய வேலைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1844ஆம் ஆண்டிலே அடிமைமுறையும் ஒழிந்தது. அக்காலத்தோடு சாயவேர்த் தனியுரிமையும் முடிவுக்கு வந்தது.

தனியுரிமை ஒழிந்தபின் வேர் வாணிகம் செழித்திருக்கவேண்டும் என்று சிலர் எண்ணலாம். நிகழ்ந்ததோ வேறு. அவ்வாணிகம் மெல்ல மெல்ல நலிந்தது. இதற்குப் பலரும் கூறும் காரணம் செயற்கைச் சாயம் என்பதே. அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. செயற்கைச் சாயம் தோன்றுமுன்பே இரண்டு காரணங்கள் வேலைசெய்துகொண்டிருந்தன. ஆங்கில நாட்டு ஆலைத்துணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கீழைச் சந்தைகளில் மலிவாகக் குவிந்தது; கைத்தறி ஒடுங்கியபோது கொப்பரையும் ஒடுங்கியது. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் உள்நாட்டது. கட்டாயத்தினாலே மலிவாக்கப்பட்ட உழைப்பின்மேல் எழுந்த வாணிகம் அது. கட்டாயம் நீங்கியதும், அத்தனை நேரம் குனிந்து அகழ்ந்து அத்தனை சிறு ஊதியம் பெறுவதற்கு எவன் விரும்புவான்? வேறு கூலி கிடைத்தவன் அங்கே சென்றான். வேருக்கு நியாயமான விலை முன்பே கொடுக்கப்பட்டிருந்தால், அதனை அகழும் தொழில் சுதந்திர மனிதரின் கைத்தொழிலாக நிலைத்திருக்கக்கூடும். அவ்விலையை மூன்று அரசுகளுள் எதுவும் கொடுக்க முன்வரவில்லை.

இறுதி அடியை இரசாயனம் கொடுத்தது. மடர் வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1826ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். 1868ஆம் ஆண்டிலே பேர்லினில் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். தாவரத்திலுள்ள ஒரு சாயப்பொருளை மனிதன் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு ஆங்கிலேயரான வில்லியம் பேர்க்கின் மலிவாக ஆக்கும் வழியொன்றைக் கண்டு காப்புரிமை கோரினார். செருமானியக் கம்பனியொன்று அவருக்கு ஒருநாள் முந்திக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் பிரான்சிலும் ஒல்லாந்திலும் மடர் வயல்கள் பாழாயின. ஆலையிலிருந்து வந்த தூள், எதிர்க்கரையின் சாயக்கடைகளையும் எட்டியது. அதன்பின் வேரைத் தேடுவோர் இல்லை.

இக்கதையில் விந்தையான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை கோரிய பேர்க்கினின் மகன் ஆர்தர் பேர்க்கின், தம் தோழர் அம்மெல் என்பவருடன் சேர்ந்து 1893ஆம் ஆண்டிலே சாயவேரை ஆராய்ந்தார். அதன் தோலிலும் அலிசரினே இருப்பதை அவர்கள் கண்டனர். மடர் வேரில் அலிசரினோடு சேர்ந்திருக்கும் பேர்பியூரின் என்னும் இன்னொரு சாயம் இதிலே காணப்படவில்லை. தந்தையின் தலைமுறை வாணிகத்தை முடித்துவைத்தது. மகனின் தலைமுறை அந்த வேரின் உள்ளியல்பை விளக்கியது. படிகாரத்திலுள்ள அலுமினியமும் நீரிலுள்ள சுண்ணாம்பும் அலிசரினோடு இணைந்து கரையாத செம்பொருளாக நாரிலே தங்கிவிடுகின்றன. ஆதலால்தான் துவைத்தாலும் வெளுக்காத சிவப்பு உண்டாகின்றது என்று இரசாயன நூல்கள் இன்று விளக்குகின்றன. நூல் அறியாத சாயக்காரர் இந்த விளைவைக் கைப்பழக்கத்தால் அறிந்து, பல நூற்றாண்டுகளாகத் தவறாமற் பெற்றுவந்தனர்.

செயற்கைச் சாயங்களால் விளைந்த நன்மையை மறுத்தல் நன்றன்று. ஏழையும் வண்ண ஆடை உடுக்கும் நிலையை அவையே தந்தன. ஆயினும் அச்சாயங்களுள் சில உடலுக்குத் தீங்கு விளைப்பவை என்பது பின்னர்த் தெரியவந்தது. 1990களில் செருமனி சில வகைச் சாயங்களை ஆடைகளில் தடைசெய்தது. பிற ஐரோப்பிய நாடுகளும் அவ்வழிச் சென்றன. சாயப்பட்டறைக் கழிவால் ஆறுகள் கெட்டதைத் தமிழ்நாட்டு நொய்யல் ஆற்றங்கரை மக்கள் தம் கிணற்று நீரிலே கண்டறிந்தனர். ஆகவே தாவரச் சாயங்களின்மேல் அறிஞர் கருத்து மீண்டும் திரும்பியிருக்கிறது. சாயவேரைப் பற்றிய ஆராய்ச்சிகளும் இந்தியாவில் நடைபெற்றுள்ளன.

இதைக் கேட்டதும், யாழ்ப்பாணத்திலும் மீண்டும் வேர் தோண்டலாமே என்று எவரேனும் ஆவல்கொள்வாராயின், வரலாறு அவருக்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறும். செடியைக் கொன்றே வேரைப் பெறமுடியும். ஆதலால் காட்டில் உள்ளதைத் தோண்டித் தீர்ப்பதன்முன் விதைத்து வளர்க்கப் பழகவேண்டும். குடாநாட்டின் கரையோர மணலே கட்டட வேலைக்கு அள்ளப்பட்டுவரும் இக்காலத்தில், செடிக்கு முன்னதாக அதன் நிலத்தையே காக்கவேண்டியிருக்கிறது. இது முதலாவது எச்சரிக்கை. இரண்டாவது, வேரின் விலை எவ்வளவு என்று கேட்கும்போது, அதனை அகழும் கையின் விலை எவ்வளவு என்றும் கேட்கவேண்டும். அக்கேள்வியைக் கேளாமல் நடந்த வாணிகம், கேள்வி எழுந்த அன்றே நிலைகுலைந்தது.

மாரிமழை ஓய்ந்தபின் கடற்கரை மணலில் நடப்போர் சிறிது குனிந்து பார்த்தால், ஊசியிலையும் நான்கிதழ் வெண்பூவுமாக அச்சிறு பூண்டு அங்கே பூத்திருப்பதைக் காணக்கூடும். அதனைப் பிடுங்கவேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் மாணவரை அழைத்துச் சென்று, பூங்கொத்தின் அமைப்பைக் காட்டி, நுணாவுக்கும் கோப்பிக்கும் இது உறவென்று விளக்கலாம். அதனோடு, இதன் வேரைத் தோண்டியவர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். தாவரவியற் பாடமும் வரலாற்றுப் பாடமும் அந்த மணலில் ஒன்றாகவே கிடைக்கும்.